வீட்டை மதிப்பிட வந்தவர்

தலைக்கும் மீசைக்கும் அடித்த கறுப்புச் சாயம் மேலுதட்டிலும் இறங்கிவிட்டது. ஏஜெண்ட் துண்டால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது கன்னத்துக்கும் பரவியது.

"என்னங்க, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் மனைவி.

"வீட்டைப் பார்க்க பேங்க் இன்ஜினியர் வராரு. பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரியா நிக்கறது?"

"வீட்டைத்தானே பார்க்க வராரு? மாப்பிள்ளை பார்க்கவா வராரு?"

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக அலைந்தே தலை நரைத்தவர் அவர். நோயாளி என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். பணம் கொடுக்கிற எவனும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னதைக் கட்டிய மனைவியிடமே மறைத்தவர், பேங்கிடம் சொல்வாரா?

பிள்ளைகுட்டி இல்லை. பென்ஷன் இல்லை. இருப்பது இந்த வீடு ஒன்றுதான். அதை இருவர் பெயரிலும் அடகு வைத்தால் பேங்க் மாதாமாதம் பணம் தரும். உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம், வீட்டைக் காலி செய்யவும் வேண்டாம். ஒருவர் போனாலும் மற்றவருக்குப் பணம் வரும். இருவரும் போன பிறகு பேங்க் வீட்டை விற்று எடுத்துக்கொள்ளும். தான் கண்ணை மூடிய பிறகு அவள் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு. சுவரைத் தட்டிப் பார்த்தார், அறைகளை அளந்தார்.

"மொட்டை மாடியையும் பார்க்கணும் சார்."

"வாங்க, வாங்க." ஏஜெண்ட் இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

"மாடிச் சாவியைக் காணோம்," என்றாள் மனைவி.

"இடுப்புல தொங்கறது என்ன?"

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் உலகம் சுற்றியது. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நல்ல காத்து," என்றார்.

போதாக்குறைக்கு, கீழே வந்ததும் ஹாலில் இருந்த காஸ் சிலிண்டரைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"பெரிய பயில்வான்," என்று முணுமுணுத்தாள் மனைவி. போய் ஃபேனைப் போட்டாள்.

இன்ஜினியர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "சார், உங்களைப் பார்த்தா அறுபதே ஆன மாதிரி தெரியலையே. அறுபது ஆகாட்டி இந்தக் கடன் கிடையாது. ஓடினது போதும், உட்காருங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்றே. ஏஜெண்ட் சட்டென்று கூன் போட்டார். இடுப்பில் கை வைத்தார். கிழவனைப் போல இருமினார்.

முதலில் வந்தது பொய் இருமல்தான். அதன் பின்னாலேயே நிஜ இருமல் வந்தது. அது நிற்கவில்லை. வேர்வையோடு சாயமும் கலந்து சட்டையில் கறுப்புக் கறுப்பாகச் சொட்டியது.

மனைவி ஓடிவந்து நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். "புரை ஏறிடுச்சு தம்பி. வேற ஒண்ணுமில்ல," என்றாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் வேறு சட்டை எடுக்க உள்ளே போனாள்.

ஏஜெண்ட் இன்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உடம்பு சரியில்லைதான். அதை எழுதிடாதீங்க. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா."

இன்ஜினியர் உள் அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இந்தக் கடனுக்கு உடம்பையெல்லாம் பார்க்கறதில்ல சார். நேத்தே அம்மா பேங்குக்கு வந்து அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாங்க. போறப்ப என்கிட்ட சொன்னாங்க, 'அவருக்கு இதயம் சரியில்ல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. நாளைக்கு வாலிபனாட்டம் வேஷம் போடுவாரு. சிரிச்சிடாதீங்க தம்பி'ன்னு."