வெளிச்சபுரியின் காவல் பெட்டி

மேகம்கூட அரண்மனையில் அனுமதி பெற்றுத்தான் பொழிகிறது என்று பெருமை பேசிய வெளிச்சபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மின்சாரம் அருவியிலிருந்து வந்தது. அருவிக்கு நிதானம் கிடையாது. ஒரு நேரம் சாதுவாக வரும், ஒரு நேரம் மதம் பிடித்து வரும். ஆகவே முன்னோர்கள் ஊர் நடுவில் ஒரு காவல் பெட்டியை வைத்திருந்தார்கள். இவ்வளவு அழுத்தம், இவ்வளவு ஓட்டம், அதற்கு மேல் வேண்டாம் என்று அதில் எண்களைக் குறித்துவிட்டால் போதும். எல்லை தாண்டினால் 'டக்' என்று அணைந்து, வீட்டுச் சாமான்களைக் காப்பாற்றிவிடும். அருவி தணிந்ததும் பெட்டியின் விசையை மறுபடி ஏற்றுவார்கள். விளக்கு வந்ததும் ஊரே கை தட்டுவது அந்நாட்டு வழக்கம். பெட்டிக்கு ஒரே ஒரு குறை: எண்ணைக் குறிப்பவன் நல்லவனா கெட்டவனா என்று அதற்குத் தெரியாது.

பூங்காவனம் அந்தப் பெட்டியை நம்பித்தான் பிழைத்தாள். மின்சார இயந்திரத்தில் முட்டைகளை அடுக்கி, குஞ்சு பொரித்து விற்பது அவள் தொழில். சூடு கொஞ்சம் கூடினாலும் அத்தனையும் பாழ்.

வினை, அரசர் ஒளிமுகரின் பிறந்தநாளன்று வந்தது. அவர் தம் சாதனைகளை ஒலிபெருக்கியில் விவரித்துக்கொண்டிருந்தபோது அருவி பொங்கியது, பெட்டி அணைந்தது. சற்று நேரத்தில் விளக்கு வந்ததும் எழுந்த கைதட்டல், அரசரின் எந்தப் பேச்சுக்கும் எழுந்ததில்லை.

"யாருக்கு இது?" என்றார் அரசர்.

மின் அமைச்சர் அனுகூலர் நெளிந்தார். "பெட்டிக்கு, மன்னா."

"நம் பேச்சை வெட்டியதற்கா?"

மறுநாளே ஆணை பிறந்தது: அரச ஒப்புதலின்றிப் பெட்டி அணையக் கூடாது. அடுத்த முறை அருவி பொங்கியபோது, பெட்டி அணைய ஒப்புதல் கேட்ட கோரிக்கை ஒரு குழுவுக்குப் போனது, குழு தேநீருக்குப் போனது. பாதி ஊரின் விளக்குகள் வெடித்தன. மக்கள் முறையிட, அமைச்சர் ஆராய்ந்து, குற்றம் எல்லையில்தான் இருக்கிறது என்று கண்டறிந்தார். அருவியின் உச்சத்துக்கும் மேலே எல்லையை உயர்த்திவிட்டால், எல்லை மீறல் என்ற பேச்சே நாட்டில் இராதல்லவா? உயர்த்தினார்கள். எல்லை மீறல் அறவே ஒழிந்ததென்று அரசு விழாவும் எடுத்தது. விழா நாளில் அருவி பொங்க, பூங்காவனத்தின் முட்டைகள் வெந்தன.

கூடையோடு அமைச்சரிடம் ஓடினாள். "ஐயா, இன்னிக்கோ நாளைக்கோ பொரிய வேண்டிய குஞ்சுங்க. உள்ளயே வெந்து செத்துப்போச்சு. பழைய நம்பரயே வச்சுடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்!"

அமைச்சர் ஒரு முட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். "விறகு செலவில்லாமல் வெந்திருக்கிறது. அரசின் சலுகை கடைக்கோடிவரை வந்து சேர்ந்திருக்கிறது, அம்மணி!"

"அப்ப அந்தப் பெட்டி எதுக்குய்யா?"

"அதைத்தான் நாங்களும் யோசிக்கிறோம்."

யோசித்து முடித்ததும், பழசாகிவிட்டதென்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று பூங்காவனம் ஒருத்திதான் கேட்டாள். காயலான் கடைக்கு என்றார்கள். அவள் வேறு வழியின்றி, பொட்டுத் தாலியை விற்று வாங்கிய புது முட்டைகளைச் சாமி கும்பிட்டு அடுக்கினாள்.

ஓர் அந்தியில் அருவி மறுபடி பொங்கியது. பூங்காவனம் பாய்ந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வெடிக்கப் போகும் விளக்குகள் எல்லாம் பகல்போல் எரிந்தன. அப்போது அரண்மனைப் பக்கம் அவளுக்குப் பழகிய சத்தம் கேட்டது. 'டக்.' அரண்மனை மட்டும் இருண்டது.

"அது நம்ம பெட்டி!" என்று அலறினாள். "நம்ம பெட்டிய, பழைய நம்பரோட அங்க வச்சிருக்கானுங்க!"

அரசர் உப்பரிகைக்கு வந்தார். "குடிமக்களே! எவ்வளவு பிரகாசமாக வாழ்கிறீர்கள்! உங்களுக்காக நாம் இருளில் நிற்கிறோம்!"

அவர் முடிக்கவும் ஊர் விளக்குகள் படபடவென்று வெடிக்கவும் சரியாக இருந்தது.

"சும்மா இரு பூங்காவனம்," என்றார் பக்கத்து வீட்டு வரதப்பன், கண்ணைத் துடைத்தபடி. "நமக்கோசரம் ராஜாவே இருட்டுல நிக்கறாரு."

அருவி தணிந்தது. அரண்மனையில் பெட்டியை ஏற்றினார்கள். இருண்ட ஊருக்கு எதிரே அரண்மனை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பழகிய வழக்கம் விடுமா? ஊரே கை தட்டியது. அரசர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

பூங்காவனத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எவன்டா தட்டுறது என்று திட்ட வாயெடுத்தவள், குனிந்து பார்த்தாள். அவள் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.