ஆறு வோல்ட்டும் நாலு எலுமிச்சம்பழமும்

அமெரிக்காவில் பெரிய தொழிற்சாலை கட்டி, ஆயிரக்கணக்கான ஆட்களைப் போட்டுச் செய்த ஒரு காரை, ஜீவனஹள்ளியில் ஒரே ஒரு மனிதர் முக்காலி ஒன்றின்மேல் உட்கார்ந்து மறுபடியும் செய்தார். நான் கண்ணால் பார்த்தவன். அவர் பெயர் ஆறு வோல்ட்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகூட 'திரு. ஆறு வோல்ட் குடும்பத்தார்' என்றுதான் வந்தது. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளுக்கு ஆறு வோல்ட் பேட்டரிதானாம். இப்போதைய வண்டிகளுக்குப் பன்னிரண்டு. மாற்றிவிட்டால் சுலபமாக ஸ்டார்ட் ஆகுமே என்று யார் சொன்னாலும் அவர் முகம் சுருங்கிவிடும்.

"அதுக்கு ஆறுதான் சார் சாப்பாடு. ஏழு குடுத்தாகூட ஜீரணம் ஆவாது" என்பார். பேசாமல் டீசல் இன்ஜின் போட்டுவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவருக்கு அந்த வீட்டில் அதன்பிறகு காபி கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் வங்கி வேலையாக நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். அதே வருஷம் அந்த வண்டியும் வந்தது, லாரியில், நான்கு நடையாக. காக்ஸ் டவுன் பங்களா ஒன்றின் மாமரத்தடியில் இருபது வருஷமாகக் கோழிகள் குடித்தனம் செய்த வண்டி. வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். கடைசி நடையில் ஒரு கோழியும் கூடவே வந்தது.

ஆறு வோல்ட்டின் வீடு பதினான்கு அடி அகலம். வண்டி பதினேழு அடி நீளம். மிச்சம் மூன்றடி பக்கத்து வீடான என் வாசலில். தினமும் காலையில் ஸ்கூட்டரைச் சாய்த்து, ஒடித்து, சட்டையில் கிரீஸ் பூசிக்கொண்டுதான் நான் வெளியே வருவேன். முதல் வாரமே சண்டைக்குப் போனேன்.

"அண்ணா, உங்க வண்டி மூக்கு எங்க வாசல்ல இருக்கு."

"மூக்கு மட்டும்தானே சார். மூஞ்சி பூரா எங்க வாசல்லதானே இருக்கு" என்றார். நான் ஸ்கூட்டரைச் சாய்த்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அவர் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். காலை ஷிப்ட் முடிந்து வந்து, டீ குடித்து, முக்காலியில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். ஸ்பேர் பார்ட் என்று எதுவும் இந்தியாவில் கிடைக்காது. அதனால் செய்துகொண்டார். ஒருநாள் கட்டைவிரல் அளவில் பித்தளைச் சாமான் ஒன்றை என் கையில் வைத்தார்.

"பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கிறது சார். போன வாரம் வரைக்கும் உலகத்துலயே இது இல்ல."

அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் ஆபீசில் செய்த எதைப் பற்றியும் அப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பின்விளக்குக் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது. மனைவி சரோஜாக்காவின் வடைச் சட்டியில் எண்ணெயைக் காய வைத்து, சிவப்பு அக்ரிலிக் தகட்டை அப்பளம்போல் இளக்கி வளைத்துவிட்டார். விளக்கு அச்சாக அமைந்தது. அந்த வார வடைதான் வாயில் வைக்க விளங்கவில்லை. நசுங்கிய மட்கார்டை மரச்சுத்தியால் மூன்று மாதம் தட்டினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நான் ஒரு காபி குடித்துவிடலாம். "எங்க தட்டணும்னு அதுவே சொல்லும் சார், நாம காது குடுக்கணும்" என்றார். மூன்றாவது மாதம் விரலால் தடவிப் பார்த்தேன். அடிபட்ட இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் அவர் தொழிற்சாலையில் மெஷின்களையெல்லாம் துடைத்துப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த வழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தையல் மெஷின், தண்ணீர்க் குழாய், என் ஸ்கூட்டர் ஸ்டாண்டு என்று கையில் அகப்பட்ட இரும்பு எதுவும் தப்பாது. ஒரு வருஷம் வாசல் பூட்டுக்கும் அடித்துவிட்டார். சாவி துவாரம் அடைபட்டு, குடும்பமே தெருவில் நிற்க, சரோஜாக்கா சமையல் கத்தியால் அரைமணி நேரம் பூட்டைச் சுரண்டினார். பெயின்ட்டைவிட வசவு கெட்டியாக இருந்தது.

தொண்ணூற்று நாலில் வண்டி முழுசாகச் சேர்ந்து நின்றது. வெண்ணெய் நிறம். பூஜையன்று பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தெருவே கூடியது. சாவியைத் திருப்பினார். உர்... உர்... என்று முனகிவிட்டு வண்டி அடங்கிவிட்டது.

எட்டுப் பேர் தள்ள வந்தோம். பம்பருக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி ஏத்துன பழம் செல்லாது சார். ஒருத்தரத் தூக்கிக்கினு கோயில சுத்துனா, அவர் பிரதட்சணம் பண்ணதா ஆவுமா?"

பழங்கள் அப்படியே கிடந்து காய்ந்தன. அடுத்த வருஷமும் அதே கதை, அதற்கடுத்த வருஷமும் அதே கதை. நடுவில் அவர் பிரிக்காத பாகம் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்தால் பம்பரமாகச் சுற்றும். வண்டியில் மாட்டினால் முனகும். "வெளிய நல்லாத்தான் கீது சார். வீட்டுக்குள்ள போனா வாய் தொறக்க மாட்டேங்குது" என்று மோட்டாரைப் பற்றிச் சொன்னார். சரோஜாக்கா என்னவோ தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

தொண்ணூற்றேழில் கார்ப்பரேஷன் ஆள் வந்தார். பூஜை முடிந்த மறுநாள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டப் போகிறார்களாம், வண்டி இருக்கக் கூடாதாம். "ஆய்த்து சார், தெகீத்தீவி" என்று சரோஜாக்கா வண்டியை எடுத்துவிடுவதாக அவருக்குக் கன்னடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தார்.

"தள்ளவும் உட மாட்ட, இழுக்கவும் உட மாட்ட. இந்தப் பூசைக்கு அது தானா நகரல, குஜிரிக்காரனக் கூப்ட்டு எடைக்குப் போட்ருவேன். ஆமாம்."

அந்த வாரம் முழுக்க ஆறு வோல்ட் சாப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்து, வழக்கம்போல் பச்சைப் பெயின்ட் மட்டும் அடித்து முடித்தார்.

பூஜையன்று பழைய இரும்பு எடுக்கும் குஜிரிக்காரர் டெம்போவோடு வந்து, பூஜையாயிற்றே என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். நான்கு எலுமிச்சம்பழம். சாவி. உர்... உர்... அவ்வளவுதான்.

சரோஜாக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் அவருக்குத் திட்டத்தான் வரும்.

"இன்னும் இன்னாய்யா பாக்கி? எல்லாத்தையும் கழட்டுன, எல்லாத்தையும் மாட்டுன, எல்லாத்துக்கும் பெயின்ட்டும் அடிச்ச. அன்னிக்கிப் பூட்ட அடைச்ச மாதிரி இதுலயும் எங்கனா பூசி அடைச்சுத்தான் வெச்சிருப்ப."

ஆறு வோல்ட் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"சரோஜா, அந்தக் கத்தி எங்க?"

"எந்தக் கத்தி?"

"பூட்டு சுரண்டுன கத்தி."

பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி வந்தால்தான் மோட்டார் சுற்றும். அது திரும்பி வரும் கம்பியை அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தார். முடுக்குவதற்கு முன்னால், வருஷா வருஷம், அந்த இடத்துக்கும் பயபக்தியோடு பச்சை அடித்திருந்தார். அந்தப் பெயின்ட்தான் கரண்டை மறித்தது. பன்னிரண்டு வோல்ட்டாக இருந்தால் எப்படியாவது முட்டி மோதிப் போயிருக்குமோ என்னவோ. ஆறுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அடியில் புகுந்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினார். கம்பியை முடுக்கினார். வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி புகையைக் கக்கிவிட்டு, நேற்றும் ஓடியது போல ஓட ஆரம்பித்தது. இரைச்சலே இல்லை. முதலில் கைதட்டியவர் குஜிரிக்காரர். முன் சக்கரத்துப் பழங்கள் நசுங்கின. பின் சக்கரத்துப் பழங்களும் நசுங்கின. தெரு முழுக்க எலுமிச்சை வாசனை. ஆறு வோல்ட் இறங்கி, நான்கு பழத்தையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழுவுறத அப்புறம் வெச்சுக்க. மறுபடி நின்னுறப் போவுது" என்று சொல்லிவிட்டு, சரோஜாக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சாக்கடை வேலை முடியும்வரை வண்டி லிங்கராஜபுரத்தில் ஆறு வோல்ட்டின் நண்பர் வீட்டில் நின்றது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக நான் ஸ்கூட்டரை நேராக வெளியே எடுத்தேன். சட்டையில் கிரீஸ் இல்லை. வாசல் இவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் ஆறு வோல்ட் என் கதவைத் தட்டினார். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டார்.

"சார், மூக்க மட்டும் உங்க வாசல்ல வெச்சுக்கலாமா?"

நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் ஹாலுக்குள் நிறுத்தினேன். மாற்றலாகி அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது.