எக்ஸ்ரே அண்ணாச்சி வலப்பக்கம் திரும்பிப் படுத்தார்

படப்பையிலிருந்து ஒரகடம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், தன் தோள்பட்டைக்கு எங்கள் எக்ஸ்ரே அண்ணாச்சி அளவுக்கு மரியாதை கொடுத்த மனிதர் கிடைக்கமாட்டார்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த நாங்கள் நாலு பேர், சேரப்பணஞ்சேரியில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். டிராக்டரிலிருந்து விழுந்து நொறுங்கிய வலது தோள்மூட்டை எடுத்துவிட்டு, அவருக்கு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு அது மூட்டு இல்லை, விருந்தாளி. ஷேர் ஆட்டோவில் யாராவது உரசினால் போதும்.

"தள்ளிக் குந்து நைனா, உள்ள ஆள் கீறாரு!"

வருஷா வருஷம் பரிசோதனை. திரும்பி வந்ததும் எங்களை ஜன்னலோரம் நிற்கவைத்து, எக்ஸ்ரேயை வெயிலில் பிடிப்பார். சாம்பல் மேகத்துக்குள் பௌர்ணமி நிலா மாதிரி அந்த உருண்டை மிதக்கும். சொக்கிப்போய் நிற்போம்.

"போன வருசத்துக்கு கொஞ்சம் நவுந்தாப்ல கீதா?"

"இல்ல அண்ணாச்சி, அப்படியேதான் இருக்காவ."

ஆறாவது வருஷம், இரண்டாயிரத்து நான்கில், துணைக்கு நான் போனேன். டாக்டர் ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார்.

"தலை சீவ முடியுதா?"

அண்ணாச்சி வழுக்கையைத் தடவினார். "சீவறதுக்கு அங்க இன்னா கீது சார்?"

"வலது தோள் பக்கமாப் படுத்துத் தூங்கறீங்களா?"

அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "பயமா கீது சார். நசுங்கிட்டார்னா?"

"முதல் வருஷமே படுக்கலாம்னு சொன்னேனே! அசையல, தேயல. தைரியமாப் படுங்க."

வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஆறு வருசமா செவுத்தப் பாத்துனு தூங்குதுப்பா இந்த ஆளு. நான் எது பேசினாலும் முதுகுதான் ஊங் கொட்டுது."

மறுநாள் மத்தியானம் பாய் விரித்தாயிற்று. வேடிக்கை பார்க்க நாங்கள் வாசலில். முட்டை மேல் உட்காருகிறவர் மாதிரி அண்ணாச்சி அங்குலம் அங்குலமாக வலப்பக்கம் சாய்ந்தார். அக்கா எதிரே, தலைக்குக் கை கொடுத்துப் படுத்தார். ஜன்னல் வழியே விழுந்த வேப்ப இலைகளின் நிழல் இரண்டு பேர் மேலும் தண்ணீர் மாதிரி அசைந்தது.

"வலிக்குதாய்யா?"

"இல்ல." அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி, கிட்டக்க பாத்தா இம்மாம் நரச்சிப் பூட்ச்சி உனக்கு?"

"இப்பத்தான் தெரிதா?"

அதற்குள் வாய் லேசாகத் திறந்திருக்க, அண்ணாச்சி தூங்கிப்போயிருந்தார்.

அக்கா எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். மெயின் ரோடு வரும்வரை ஒருவனும் போட்டுக்கொள்ளவில்லை.