தொப்பி பாயின் ஒன்பதாவது ரவுண்டு

அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, இவர்களில் மிகவும் பயந்த மனிதர் யார் என்று போட்டி வைத்தால், தொப்பி பாய் முதல் சுற்றிலேயே கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அதைக் கீழே போட்டுவிடுவோமோ என்று அப்போதும் பயப்படுவார்.

போலீஸ், ரேடார் கேமரா, விசா கொடுத்த கபீல், மணல்புயல் எதற்கும் அவர் பயந்ததில்லை. அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். துபாய்க்குப் பதினொரு மணி நேரம் பின்னால் நடக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஏதோ ஒரு ஊரின் பேஸ்பால் டீம் தோற்றுவிடக் கூடாது. அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. அந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆனால் இருபது வருடமாகப் பயந்துகொண்டிருந்தார்.

பாய்க்குச் சொந்த ஊர் தொண்டி. அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் எங்கள் கம்பெனியில் பஸ் டிரைவர். காலை ஐந்தே முக்காலுக்கு ஷார்ஜா ரோலாவில் முப்பத்தோரு பேரை ஏற்றிக்கொண்டு, துபாயின் மறுகோடியில் இருக்கும் தொழிற்சாலையில் ஏழரைக்கு இறக்கிவிட வேண்டும். தலையில் எப்போதும் வெளுத்துப்போன கருநீல பேஸ்பால் தொப்பி. தொழுகை நேரத்தில் அதன் முன்பக்க நீட்டலைப் பின்னால் திருப்பிக்கொள்வார். அவருடைய நிஜப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அந்தக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் நாள், பஸ்ஸில் ஏறியதும் ஸ்பீக்கரில் ஒருவர் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். தமிழர், மலையாளி, பட்டான், நேபாளி என்று பஸ் நிறைய ஆட்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை. எல்லார் முகத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களின் களை. ஏதோ போர் வந்துவிட்டது, அந்தச் செய்திதான் ஓடுகிறது என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். பட்டுக்கோட்டைப் பக்கத்து வெல்டர், முருகேசன் என்று பெயர். அவர் என் காதோடு சொன்னார்.

"எட்டாவது ரவுண்டு சார். நாம ஒரு ரன் பின்னாடி இருக்கோம். தும்மல் வந்தா அடக்கிக்கங்க."

அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு டீம் ஜெயித்தது. அதுதான் நான் செய்த தப்பு. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், சக்கரத்துக்கு மேலே, முழங்காலை நெஞ்சில் முட்டுக்கொடுத்து உட்கார வேண்டிய ஓர் இடம் உண்டு. புது ஆள் என்பதால் எனக்கு அதுதான் கிடைத்திருந்தது. நான் அங்கே உட்கார்ந்து டீம் ஜெயித்ததால், சீசன் முடியும்வரை அங்கேயேதான் உட்கார வேண்டும் என்று பாய் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நான் இடம் மாறிய ஒரே நாளில் டீம் பதினொரு ரன் வித்தியாசத்தில் தோற்றது. பஸ்ஸில் முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நான் மாறவே இல்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரே சொன்னார். வந்த புதிதில் அபுதாபியில் ஓர் அமெரிக்க இன்ஜினியருக்கு ஆறு வருடம் கார் ஓட்டினாராம். தினமும் காலையில் பாலைவன ரோட்டில் இரண்டு மணி நேரப் பயணம். அந்தத் துரை இன்டர்நெட் வழியாகத் தன் ஊர் ஆட்டத்தின் வர்ணனையைப் போட்டுக்கொண்டு, டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வருவாராம். பாய்க்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. துரையின் விரல்கள் வெளுத்தால் ஆபத்து, பிடி தளர்ந்தால் நல்ல சேதி. அப்படித்தான் ஆட்டத்தைப் படித்திருக்கிறார். விதிகளுக்கு முன்னால் பயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். துரை ஊருக்குப் போகும்போது தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். பாய் அதை வேலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

செல்போனில் ஆட்டத்தின் வீடியோவைக் காட்ட ஒருமுறை முயன்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருடமாக மனதுக்குள் ஒரு மைதானம் கட்டி வைத்திருப்பதாகவும், நிஜமானது வேறு மாதிரி இருந்துவிட்டால் இந்த வயதில் எங்கே போய்ப் புதிதாகக் கட்டுவது என்றும் கேட்டார். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

டீம் தோற்றால் அவர் நிம்மதியாக டீ குடிப்பார். ஜெயித்தால்தான் பிரச்சினை. நாளைக்கும் ஜெயிக்க வேண்டுமே என்று ஃபிளாஸ்க்கைத் திறக்கவே மாட்டார். பஸ்ஸின் வேகமும் அப்படியே. டீம் முன்னால் இருந்தால், பயத்தில் அறுபதைத் தாண்ட மாட்டார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே வருவார்கள். இவ்வளவு பயப்படுகிறவர் டீமுக்காக அல்லாவிடம் துஆ கேட்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். அவர் கடுமையாக மறுத்தார்.

"மேட்சுக்கெல்லாம் துஆ கேக்கக் கூடாது தம்பி. அல்லா என்னா நெனைப்பான்? பந்து போடுற புள்ளைக்கு எடது தோள்ல வலி இருக்கு. அந்தத் தோளுக்குக் கேக்கலாம்."

கேட்டார். ஐந்து வேளையும் கேட்டார். அந்த வருடம் அந்தத் தோள் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வேலை செய்தது. டீம் ஜெயித்துக்கொண்டே போனது. பஸ் தாமதமாகிக்கொண்டே போனது. ஒரே மாதத்தில் நான்கு நாள் முப்பத்தோரு பேருக்கும் பஞ்சிங் லேட். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பாயைக் கூப்பிட்டு, இன்னொரு நாள் தாமதமானால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதியே கொடுத்தார். அன்று மாலையே எலெக்ட்ரீஷியனை அனுப்பி ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டார்.

அந்தக் கடிதத்தை பாய் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் இரண்டு பெண்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முதல்முறையாக, நாம் பயப்பட வேண்டிய பயம் இது என்று எனக்குத் தோன்றியது. அவரோ கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே, காதில் மாட்டும் இயர்போன் என்னிடம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

மறுநாள் முதல் நான் வர்ணனையாளன் ஆனேன். டிரைவர் காதில் எதையும் மாட்டக் கூடாது. ஆகவே நான் மாட்டிக்கொண்டு, பின்னால் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். எண்பதுக்குக் கீழே போனால் வாயை மூடிவிடுவேன் என்று நிபந்தனை போட்டேன். ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த ஆட்டத்தில் யார் எதற்காக ஓடுகிறார்கள் என்றே முழுதாகப் புரியாது. மூன்றாம் நாள், எதிர் டீம் ஆள் அவுட் ஆனதை நம் ஆள் அவுட் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு பாயின் பிடரியில் வியர்வை ஓடியது. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ஒரு வாரத்தில், அவருடைய பயம் முழுசாக என்னைத் தொற்றிக்கொண்டது.

நவம்பர் பிறக்கும் நேரத்தில் டீம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. இரண்டு டீமும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் வந்து நின்றார்கள். அன்று காலை ரோலாவில் பஸ் ஏறும்போது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. எமிரேட்ஸ் ரோட்டைத் தொட்டபோது பனிமூட்டம் தொடங்கியது. இங்கே பனி என்றால் மெல்லத் திரை விழுவது போல வராது. சுவர் மாதிரி நிற்கும். பஸ் அதற்குள் போனதும் முன் கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. சூரியன் வந்துவிட்ட நேரம், ஆனால் எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை.

ஒன்பதாவது ரவுண்டு, அதாவது கடைசி ரவுண்டு. நாங்கள் ஒரு ரன் முன்னால். இன்னும் மூன்று பேரை அவுட் ஆக்கினால் கோப்பை. முதல் ஆளை அவுட் ஆக்கியதைச் சொன்னேன். அடுத்த ஆள் அடிக்க வந்தான். சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நிறுத்துங்க."

பாயின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு நடுக்கமும் இல்லை. விளக்குகளைச் சிமிட்டவிட்டார். பிரேக்கை மிதிக்காமல், கியரைக் குறைத்துக் குறைத்து, பஸ்ஸை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் எனக்கும் முன்னால் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. தகரம் நசுங்கும் சத்தம். பிறகு இன்னொன்று. அவர் ரோட்டை விட்டு மணலில் இறக்கி, பஸ் சாய்ந்துவிடுமோ என்று நாங்கள் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, அது ஒரு குலுங்கலோடு நின்றது.

அவர் எழுந்து நின்று, பையை யாரும் எடுக்க வேண்டாம், ரோட்டுப் பக்கம் பார்க்கவே வேண்டாம், மணல் மேட்டுக்கு ஓடுங்கள் என்று தமிழிலும் இந்தியிலும் ஒருமுறை சொன்னார். கத்தவில்லை. கதவில் நின்று இறங்குகிற ஒவ்வொருவர் முதுகிலும் கையை வைத்து எண்ணினார். நான் இருபத்து ஒன்பது. முருகேசன் முப்பது. தூங்கிப்போயிருந்த நேபாளிப் பையனை முருகேசன்தான் திரும்ப ஏறிப்போய் இழுத்து வந்தார். முப்பத்தொன்று. அதற்குப் பிறகுதான் பாய் இறங்கினார்.

மேட்டை அடைவதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு பிக்கப் வந்து பஸ்ஸின் பின்மூலையில் மோதியது. அதன் பின்னால் இன்னொரு வண்டி. பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி முழுவதும் உதிர்ந்து மணலில் விழுந்தது. எங்கள் வெல்டர்கள் நாலைந்து பேர் ஓடி, பிக்கப்காரரைக் கதவை நெம்பி வெளியே எடுத்தார்கள். கால் உடைந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. எதிரே வெள்ளைக்குள் பிரேக் சத்தமும் மோதும் சத்தமும் விட்டுவிட்டு வந்தபடி இருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நாங்கள் முப்பத்தோரு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பாய் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

பனி விலகி போலீஸ் வந்த பிறகுதான் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தார். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் அலறியடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தார். பாட்டிலைப் பிடிக்க பாயால் முடியவில்லை.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று அதுவரை ஒருவர்கூட நினைக்கவில்லை. பத்து மணி வாக்கில் முருகேசன் என்னைத் தனியாக அழைத்துப்போய்த் தன் போனைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட் ஆக்க வேண்டிய நேரத்தில், உயரே வந்த சாதாரணப் பந்தை, நம் டீமில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் நழுவவிட்டுவிட்டான். எதிர் டீம் இரண்டு ரன் எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டது. அந்தப் பையன் புல்தரையில் முகம் புதைத்துக் கிடந்தான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவனைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் சார் சொல்லணும். என்னால ஆவாது" என்றார் முருகேசன்.

மாலை வேறொரு பஸ் வந்தது. பல வருடத்தில் முதல்முறையாக பாய் பயணியாக, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஆட்டத்தின் முடிவு தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ரோலா நெருங்கும்போதுதான் கேட்டார்.

"சொல்லுங்க தம்பி. போயிருச்சா?"

"போயிருச்சு பாய். ஒரு ரன்ல."

தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று காலை பனிக்குள் பார்க்காத பயம், இப்போது அந்தக் கண்ணில் இருந்தது.

"யாராச்சும் பந்தை விட்டுட்டாங்களா?"

முருகேசன் முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"இல்ல பாய். யாரும் விடல. அவனுங்க நல்லா அடிச்சுட்டானுங்க, அவ்வளவுதான்."

பாய் பெருமூச்சு விட்டார். தோள்கள் இறங்கின.

"அப்பச் சரி. யாரையும் ஏச மாட்டாங்க" என்றார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அவர் வீடியோ பார்க்காதவர் என்பதால் பிழைத்தேன். அந்தப் பையனை அடுத்த வருடம் வேறு டீமுக்கு அனுப்பியபோது, காரணம் கேட்ட பாயிடம், அங்கே சம்பளம் அதிகம் என்று சொன்னேன். என்றைக்காவது உண்மை தெரிந்துவிடுமோ என்று இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. தொண்டிப் பக்கம் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் தயவுசெய்து அவர் வீட்டாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட வேண்டாம்.

போன வருடம் எனக்கு இங்கே டிரைவிங் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கார் வாங்கினால் அரை மணி நேரம் கூடத் தூங்கலாமே, எதற்கு விடியும் முன்னே இன்னும் பாயின் பஸ்ஸுக்கே ஓடுகிறீர்கள் என்று என் மனைவி மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறாள். ரோலாவில் பார்க்கிங் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.