பிளாங்க் சேரின் வெறுங்குழாய்

மனிதரைக் கோபப்படுத்துவதற்கென்றே குடாநாட்டில் ஒருவர் பிறந்தாரென்றால், அது எங்கள் ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் பிளாங்க் சேர்தான். நிறம் பார்த்து அளக்கும் சோதனைகளில், மாதிரி சேர்க்காமல் கரைசல் மட்டும் ஊற்றிய வெறுங்குழாய் ஒன்றையும் ஒப்பிடப் பக்கத்தில் வைக்கவேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். அந்த விசர் தலைக்கேறி, சேர் உலகம் முழுவதற்கும் பிளாங்க் கேட்கத் தொடங்கிவிட்டார்.

கன்ரீனில் முதலில் வெறும் சுடுதண்ணீர் குடிப்பார், பிறகுதான் தேத்தண்ணீர். கந்தோரில் கோப்புப் பார்க்கும் அக்கா புதுச் சீலையோடு வந்து "எப்பிடி சேர்?" என்றதற்கு, "நாளைக்குப் பழசைக் கட்டிக்கொண்டு வாங்கோ, பிறகு சொல்லுறன்" என்றார். அக்கா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை.

சண்டிலிப்பாயில் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். முகத்தை மூடாமல், கையுறை போடாமல் மருந்தடிப்பார். தலைசுற்றும், கண்ணால் தண்ணீர் வடியும். நான் கத்தினால், "உன்ரை சோதினை சொல்லட்டும், விடுறன்" என்பார். பூச்சிமருந்து இரத்தத்திலுள்ள ஒரு நொதியத்தை முடக்கிவிடும். நொதியம் நன்றாக வேலை செய்தால் குழாயிலுள்ள கரைசல் மஞ்சளாகும், முடங்கினால் வெளிறிக் கிடக்கும். அப்பாவின் இரத்தத்தைக் கொண்டுவந்து நானே சோதித்தேன். அருமையான மஞ்சள். சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிளாங்க் எங்கை பிள்ளை?" என்று பின்னால் சேர்.

"அப்பான்ரை இரத்தம் சேர். விளையாடாதேங்கோ."

"அப்பரெண்டால் பிளாங்க் வேண்டாமோ?"

பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். இரத்தமே படாத அந்தக் குழாயும் மஞ்சளாகியது. கரைசல் பழசாகித் தானே நிறம் மாறியிருக்கிறது. என் சந்தோசத்தை அப்படியே தொட்டிக்குள் ஊற்றிக் கழுவினார் அந்தப் பாவி. புதுக் கரைசலில் வெறுங்குழாய் தெளிவாக நின்றது. அப்பாவின் குழாயும் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றது.

"ஒப்பிட மருந்து படாத நல்ல இரத்தம் ஒண்டு வேணும்" என்று சட்டைக் கையை மடித்தார். ஊசியைக் கண்டால் மயங்குகிற மனுசன், சொல்லிவைத்தாற்போல மயங்கினார். தெளிந்ததும் "எடுத்தாச்சோ?" என்றுதான் கேட்டார்.

அன்று பின்னேரமே இரண்டு குழாயோடும் தோட்டத்துக்கு வந்துவிட்டார். அப்பா முதுகில் மருந்துத் தாங்கியோடு நின்றார்.

"அண்ணை, மஞ்சள் என்ரை. வெளிறினது உங்கடை. இனி அடியுங்கோ பாப்பம்."

அப்பா இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தாங்கியைக் கழற்றி வைத்தார்.

என் சந்தோசத்தைத் தொட்டியில் ஊற்றிய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் அவரைத் திட்டத் தொடங்க, "பாவமடி அந்த மனுசன்" என்று குறுக்கே கதைக்க அப்பா இருக்கிறார்.