நான் தோண்டி எடுத்த ராஸ்

நான் கொன்ற மீன்களுக்குக் கணக்கில்லை. வாவியில் வலை வீசுகிறவனுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் ஐந்து மீன்கள் செத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்த ஐந்தையும் நான் பிடிக்கவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தார்கள்.

தந்தவர் ரவி. என் தங்கை புஷ்பாவின் புருசன். கட்டாரில் அலங்கார மீன் விற்கிற கடையில் ஒன்பது வருசம் வேலை செய்தவர். அந்தக் கலியாணம் பேசி வந்தபோது வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான். வெளிநாட்டில் இருக்கிறவன் தங்கச்சியை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றேன். அவர் விட்டுவிட்டு வந்தது கட்டாரைத்தான். கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடும் கட்டினார். (எனக்கு இதைவிடப் பெரிய செருப்படி தேவையில்லை.) அதற்குப் பிறகும் எங்கள் இருவருக்கும் பேச்சு, "வந்தீங்களா", "சாப்பிட்டீங்களா" என்ற அளவில்தான் இருந்தது.

ரவி வீட்டு ஹோலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர். அடியில் வெள்ளை மணல், அதன்மேல் உயிருள்ள பவள முருகைக்கல். கோமாளி மாதிரி வரி போட்ட மீன் இரண்டு, நீல மீன் ஒன்று. கடைசியாக வந்தவை ராஸ் என்ற மீன் இரண்டு. கிளிமீனுக்குச் சொந்தம். விரல் நீளம். பச்சை உடம்பில் ரோசாக் கோடு. கல்குடாப் பக்கம் மூழ்கி மீன் பிடிக்கிற ஒருவரிடம் ஆறு மாதம் சொல்லி வைத்து எடுத்தாராம்.

ராஸ் வந்து நாலாம் நாள் திருகோணமலையில் ரவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம். ஆறு நாள் நிற்க வேண்டும். ரவி என் வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியிலேயே நின்றார்.

"மச்சான், தொட்டிய ஒருக்காப் பாத்துக்கொள்ளுவீங்களா?"

பதினொரு வருசத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

"ஓம்" என்றேன்.

தொட்டிக்கு முன்னால் நிறுத்தி எல்லாம் சொன்னார். தீன் எவ்வளவு, மேலே போட்ட வலை மூடியைத் திறக்கக் கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ராஸைப் பற்றியும் நிறையச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். கேட்கவில்லை. மீன் பிடிக்கிறவனுக்கே மீன் பாடமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஐந்து மீனும் இருந்தன. இரண்டாம் நாள் மூன்றுதான். இரண்டு ராஸையும் காணவில்லை.

முருகைக்கல்லுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டு அரை மணித்தியாலம் அதன் பின்னாலேயே திரிந்தேன். (வயிறு நிறைந்த முகம் மாதிரித்தான் தெரிந்தது. பூனைக்கு எப்போதும் அந்த முகம்தான்.) அந்த நேரம் பார்த்து ரவியின் போன் கோல் வந்தது.

"மீனெல்லாம் எப்பிடி மச்சான்?"

"இருக்கு."

"ராஸ்?"

"இருக்கு."

அந்த இடத்தில் காணவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் மனைவி யோகம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பொய் சொல்றீங்க? காணல்ல எண்டு சொல்லிக் கேட்டா என்ன?"

"முப்பது வருசம் மீன் பிடிக்கிறவன், மீன் எங்க எண்டு கேட்கிறதா?"

"அப்ப கேட்காம நீங்களே கண்டுபிடிங்க."

மூன்றாம் நாளும் காணவில்லை. செத்துத்தான் போயிருக்கும், எங்கோ மணலில் கிடந்து அழுகும், அழுகினால் மற்ற மூன்றும் சாகும் என்று முடிவு கட்டினேன். வாவியில் மட்டி எடுக்கிறபோது என்ன செய்வோம்? சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவுவோம். அதையே செய்தேன். மூடியைக் கழற்றி வைத்தேன். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டேன். ஒரு மூலையில் தொடங்கி மணலைப் புரட்டிக்கொண்டு போனேன்.

பாதி தொட்டி தாண்டியதும் என் விரலுக்குள் ஏதோ துடித்தது.

ஒரு ராஸ் மணலுக்குள்ளிருந்து பாய்ந்தது. நல்ல உயிரோடு. மற்றதும் பின்னால் வந்தது. முதல் ராஸ் நேரே மேலே போய், நான் கழற்றி வைத்த மூடி இருந்திருக்க வேண்டிய இடத்தால் வெளியே பறந்து, டீவிக்குப் பின்னால் விழுந்தது.

"உயிரோட இருக்குதுகள்!" என்று யோகம் கத்தினாள்.

"தெரியுது!" என்று நானும் கத்தினேன்.

டீவியை இழுத்து, வயர்களுக்கு நடுவில் அதைப் பிடித்துத் தொட்டிக்குள் போட்டேன். போட்டது எங்கே போனது என்று தெரியவில்லை. தண்ணீர் பால் மாதிரி இருந்தது. அடி மணலைக் கிளறியதில் கூழ்முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் நீல மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

தண்ணீர் மாற்ற வேண்டும். கடலுக்கு ஓடினேன். கார்த்திகை மாதம். அலை பனை உயரம். வாளியோடு இறங்கினால் வாளி மட்டும்தான் திரும்பி வரும். ஆனால் ரவியின் வளவுக்குப் பின்னால், கடலோடு சேருகிற வாவி இருக்கிறது. உப்புத் தண்ணீர்தானே என்று, கலங்கியதை இறைத்துவிட்டுப் பத்து வாளி மொண்டு வந்து ஊற்றினேன். தொட்டி கண்ணாடி மாதிரித் தெளிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

யோகம் வாளியில் மிஞ்சியதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது என்ன, உப்பே இல்ல, நல்ல தண்ணியெல்லோ?"

மாரி மழைக்கு வவுணதீவுப் பக்கத்து வயல் வெள்ளமெல்லாம் வாவிக்குள் வந்து இறங்கும். அப்போது வாவியில் உப்பு இராது. இறால் எங்கே போகும், எந்த மீன் முகத்துவாரத்துக்கு ஒதுங்கும் என்று அதை வைத்துத்தான் வலை போடுகிறேன். நான் உருப்படியாகப் படித்த பாடம் அது ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து அதை மறந்தேன்.

அன்றைக்கே மூன்று மீன் போனது. அடுத்த நாள் ஒரு ராஸ், நான் டீவிக்குப் பின்னால் பிடித்ததுதான். முருகைக்கல் வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி ஆனது. மற்ற ராஸ் மணலுக்குள் போனதைக் கண்ணால் கண்டேன். இந்த முறை தோண்டவில்லை.

ரவி வந்தார். பையை வைக்காமலே தொட்டியைப் பார்த்தார். நான் அவருக்கு முன்னால் நின்றேன்.

"தண்ணி எங்க எடுத்தீங்க மச்சான்?"

"வாவியில."

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பையை இறக்கி வைத்தார். புஷ்பாதான் சொன்னாள். "அண்ண, உங்களிட்டப் பாத்துக்கொள்ளத்தானே சொன்ன. கழுவச் சொல்லல்லயே."

"ஒண்டு மணலுக்குள்ள இருக்கு" என்றேன்.

ரவி முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது அப்பிடித்தான் மச்சான். நித்திரையும் மணலுக்குள்ளதான். புது இடமெண்டா, பயந்தா, ரெண்டு மூண்டு நாள் வெளிய வராது. தானா வரும். நான் சொன்னனே."

சொல்லியிருப்பார்.

அவர் தண்ணீரை மெல்ல மெல்லச் சரிப்படுத்தினார். நான் இரண்டு நாளும் வலைக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மணலைப் பார்த்தபடி இருந்தோம். அத்தனை வருசத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை. மூன்றாம் நாள் அவரே கையை விட்டார். மெதுவாக, ஒரு விரலால் மணலை விலக்கினார். செத்துக் கிடந்தது. நிறம்கூடப் போகவில்லை.

"பரவாயில்ல மச்சான். மீன்தானே" என்றார்.

அந்தச் சொல்லை இவ்வளவு காலமும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்கத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "வாறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தை மாதம் கடல் அடங்கியதும் ஒரு வள்ளத்தில் தூரம் போய், தெளிந்த தண்ணீர் பன்னிரண்டு கேன் கொண்டு வந்து அவர் படலையில் அடுக்கினேன். ரவி நன்றி சொன்னார். பிறகு ஒவ்வொரு கேனாகத் திறந்து, பன்னிரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே எடுத்தார்.

தொட்டியில் இப்போது வேறு இரண்டு ராஸ் இருக்கின்றன. அவர்கள் ஊருக்குப் போனால் சாவி யோகத்திடம் போகும். என்னிடம் அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் யாராவது விடிந்த பிறகும் போர்த்திக்கொண்டு கிடந்தால், "எழும்பு, மாமா தோண்ட வாறார்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. என் மகளுக்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரவி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்து, சாரத்தை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டேன். புஷ்பா எழுப்ப வந்தாள்.

"அவர ஒருத்தரும் தோண்டாதீங்க" என்று ரவி சொல்வது கேட்டது. "ரெண்டு மூண்டு நாளையில தானா வெளிய வருவார்."

வீடே சிரித்தது. நான் முழித்துத்தான் இருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை வெளியே வரவில்லை.