மாப்பிள்ளை எடுத்த செங்கல்

புது மாப்பிள்ளையை யாரும் திட்டக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, முதலில் அதை ஒழிக்க வேண்டும். அது மட்டும் இல்லாதிருந்தால் என் மாமனாரின் வெண்டைத் தோட்டம் பிழைத்திருக்கும். என் மானமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் மாமனார் வீடு. பின்பக்கம் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த தோட்டம். எனக்குக் கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டு ஆடுகள் தினமும் அதில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. (மாப்பிள்ளை விருந்துக்குப் போட்டியாக.) செங்கல் தூண் கட்டி, இடையில் கம்பிவலை போடுவதென்று முடிவானது. "கல்லு நான் எடுத்துட்டு வாரேன் மாமா" என்று முந்திரிக்கொட்டையாக முன்னால் போய் நின்றேன்.

சூளையில் இரண்டு விதமான கல் கிடந்தது. ஒன்று கறுத்து, லேசாகக் கோணிக்கொண்டிருந்தது. இன்னொன்று இளஞ்சிவப்பில் வழவழவென்று அத்தனை அழகு.

"இது கருகிப் போச்சுல்லா?" என்றேன்.

"அதுதான் அண்ணாச்சி நல்லா வெந்த கல்லு. ரெண்டையும் தட்டிப் பாருங்க, சத்தத்துலயே தெரியும்" என்றார் சூளைக்காரர்.

"தட்டிப் பாக்கதுக்கு இதென்ன தேங்காயா?" என்று மடக்கிவிட்டு, சிவப்பையே ஏற்றச் சொன்னேன். என் சொந்த ஊர் திருவேங்கடத்தில் எங்கள் வீட்டுச் சுவர் இதே நிறம்தான். நான் பிறப்பதற்கு முன்னால் கட்டியது, இன்னும் நிற்கிறது. (எங்கள் கரிசல் பக்கம் மழை எட்டிப் பார்ப்பதே அபூர்வம் என்பது அன்று ஏனோ ஞாபகம் வரவில்லை.)

குட்டியானை வண்டியிலிருந்து கல் இறங்கியது. மாமனார் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'ணங்' என்று வரவேண்டியது 'பொத்' என்றது. அவர் முகம் செத்துப்போனது. கொத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அத்தை முந்திக்கொண்டாள்: "மாப்பிள்ளை ஆசையா எடுத்துட்டு வந்திருக்காவ. பேசாம கட்டுங்க."

"கலரு நல்லாருக்கு மாப்ளே" என்றார் மாமனார். எனக்கு விருதே கிடைத்த மாதிரி இருந்தது. "மேல பூசிருவோமா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"பூசுனா கல்லோட அழகு போயிரும் மாமா."

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் அருவி விழுந்தால் மாமனார் வீட்டில் சொந்தபந்தம் வந்து விழும். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அத்தனை பேரையும் என் தூண்களைக் காட்டக் கூட்டிப்போனேன். தூணடியில் செக்கச்செவேலென்று சேறு.

"என்ன மாப்ளே, சாயம் போகுது?" என்றார் ஒரு சித்தப்பா.

"மேல ஒட்டுன மண்ணு, அதான் கழுவிட்டுப் போகுது."

அப்போது பார்த்து ஓர் ஆட்டுக்கு முதுகு அரித்தது. மூலைத்தூணில் வந்து சாவகாசமாக உரசியது. தூண் சத்தமே இல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆடே பயந்துபோனது! வலை இழுத்ததில் அடுத்த தூணும் சாய்ந்தது. மிச்ச ஆடுகள் அதன்மேல் நடந்து, வெண்டைச் செடிகளுக்குள் இறங்கின.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே! சித்தப்பா வானத்தைப் பார்த்தார். மாமனார் மொட்டையாய்ப் போன செடிகளைப் பார்த்தபடி, "சாரல் இந்த வருசம் கூடுதல் மாப்ளே" என்றார்.

என் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "சாரல் மேல ஏன்ப்பா பழியப் போடுதிய? நம்ம வீடு கரைஞ்சுச்சா? இவிய எடுத்த கல்லுதான கரைஞ்சுது!" அந்தச் சேற்றிலேயே நானும் கரைந்து ஓடிவிட மாட்டேனா என்றிருந்தது.

பிறகு மாமனாரே போய்க் கறுத்த கல் எடுத்துவந்து கட்டினார். அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. என்னை மட்டும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மரியாதை தெரிந்த மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் என் கொழுந்தியாளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். போட்டோவைப் பார்த்ததுமே அத்தை, "நல்ல கலரா, லட்சணமா இருக்கான். முடிச்சிருவோம்" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தும் மாமனார் நிதானமாகச் சொன்னார்:

"கலரப் பாத்து ஏமாந்திராத. இந்தத் தடவையாவது தட்டிப் பாத்து எடுப்போம்."